அவலாஞ்சி பக்கம் பார்த்த பழுப்புக் குருவி: நீலகிரி நெட்டைக்காலியா, வயல் நெட்டைக்காலியா?

கவின்_கோத்தகிரி

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை காலைல எமரால்டு தாண்டி அவலாஞ்சி போற வழியில, ரோட்டை ஒட்டின புல் சரிவுல இந்தக் குருவியைப் பார்த்தேன். மூணு படம் இணைச்சிருக்கேன். போன்ல உயரம் 2100 மீட்டர் சொச்சம் காட்டுச்சு.

சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெருசு. மேல பூரா பழுப்பு, முதுகுல கருங்கோடு. தத்தித் தத்திப் போகல, புல்லுக்குள்ள நடந்துட்டே இருந்துச்சு. நான் கொஞ்சம் கிட்டப் போனதும் எழும்பி, பக்கத்துல இருந்த குட்டைப் புதர் மேல உட்கார்ந்துடுச்சு. பறவையை அடையாளம் சொல்ற மெர்லின் செயலில போட்டா முதல் படத்துக்கு வயல் நெட்டைக்காலிங்குது, ரெண்டாவதுக்கு மர நெட்டைக்காலிங்குது. நீலகிரி நெட்டைக்காலியா இருக்கணும்னு எனக்கு ஆசை. ஆசையை வெச்சு இபேர்டுல (பறவைப் பதிவுத் தளம்) ஏத்திடக் கூடாதேன்னுதான் இங்க கேக்கறேன்.

மலர்விழி_குன்னூர்

கவின், மூணு கோணத்துலயும் எடுத்தது நல்லதாப் போச்சு. நெட்டைக்காலிகள்ல ஒரே படத்தை வெச்சு முடிவு சொல்றது ரொம்பக் கஷ்டம்.

முதல்ல பக்கவாட்டுப் படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. மார்புல இருக்கற கருங்கோடு அங்கயே நிக்குதா, கீழ இறங்குதா? வயல் நெட்டைக்காலிக்கு மார்போட நின்னுடும், அதுவும் மங்கலா. விலாப் பக்கம் கோடே இல்லாம வெறுமையா இருக்கும். உங்க குருவிக்கு மெல்லிசான கோடு றெக்கைக்குக் கீழ விலா வரைக்கும் ஓடுது. அடிவயிறும் வெள்ளையா இல்ல, மங்கின மஞ்சள் கலந்த பழுப்பு. அடுத்து முதுகு. கோடு ஒவ்வொண்ணும் தடிமனா, நல்ல கறுப்பா, தலை உச்சி வரைக்கும் இருக்கு. வயல் நெட்டைக்காலி வெயில்ல வெளுத்த மண்ணு நிறத்துல இருக்கும். நீண்ட காலை ஊனி, நெஞ்சை நிமித்தி நிக்கும். உங்களோடது குனிஞ்சு பதுங்கித்தான் நடக்குது.

இனி இதோட குழப்பிக்கற மத்த ரெண்டு. ஆலிவ் முதுகு நெட்டைக்காலிக்கு முதுகு பச்சை சாயல்ல இருக்கும், கோடு இருக்கறதே தெரியாது. காதுக்குப் பின்னால ஒரு வெளிர் பொட்டும் அதுக்குக் கீழ ஒரு கரும்பொட்டும் இருக்கும். உங்க மூணாவது படத்துல முகம் தெளிவா விழுந்திருக்கு, அந்தப் பொட்டு ரெண்டும் இல்ல. மர நெட்டைக்காலிக்கு அலகோரத்துலிருந்து தொண்டைப் பக்கமா ஒரு மீசைக்கோடு இறங்கும், அதுவும் இதுல இல்ல.

இதுக்கெல்லாம் மேல, நீங்க பார்த்த மாசம். மர நெட்டைக்காலியும் ஆலிவ் முதுகும் குளிர்கால விருந்தாளிங்க. மே மாசம் பாதி கழிஞ்சப்புறம் நம்ம மலைல அதுங்களுக்கு வேலை இல்ல, வடக்க போயிருக்கும். செயலிக்கு மாசத்தையும் இடத்தையும் சரியாக் குடுத்தீங்களான்னு பாருங்க. வெறும் படத்தை மட்டும் போட்டா அது திணறத்தான் செய்யும்.

என்னைக் கேட்டா நீலகிரி நெட்டைக்காலிதான். ஆனா இன்னும் ரெண்டு பேர் பார்த்துச் சொல்லட்டும்.

மஞ்சூர்_ஆசிரியர்

மலர்விழி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படத்தில் இருப்பது நீலகிரி நெட்டைக்காலியே. தம்பி சொன்ன இன்னொரு விஷயமும் துணை நிற்கிறது: எழுப்பினால் தூரமாய்ப் பறந்து வெட்டவெளியில் இறங்காமல், அருகிலிருக்கும் புதரிலோ குட்டை மரத்திலோ போய் உட்காரும். குந்தா பக்கத்துப் புல்வெளிகளில் நான் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன்.

இந்தப் பறவையின் முக்கியத்துவத்தைப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1885-ல் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார், அதிலேயே நீலகிரி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில், உயர்ந்த புல்வெளிகளில் மட்டும் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. பெரும்பாலும் 2000 மீட்டருக்கு மேல்தான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக வைக்கப்பட்டிருக்கிறது. வலசை போகாது. நம் மலையில் புல் போனால் அதற்குப் போக்கிடம் இல்லை.

ஆகவே குன்னூர் தேயிலைத் தோட்டத்திலோ கோத்தகிரிக்குக் கீழே காய்கறி வயலிலோ பார்த்ததாக யாராவது பதிந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரிக்க வேண்டும். அந்த உயரத்தில் வயல் நெட்டைக்காலி தாராளமாக இருக்கிறது. தவறான பதிவு பத்து சேர்ந்தால், இந்தப் பறவை எங்கும் பரவலாக இருக்கிறது என்று வரைபடம் காட்டிவிடும். பிறகு யார் அதைக் காப்பாற்ற மெனக்கெடுவார்கள்?

கவின்_கோத்தகிரி

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். விலாக் கோடு நான் கவனிக்கவே இல்ல. இப்பப் பெருசாக்கிப் பார்த்தா பளிச்சுன்னு தெரியுது.

ஒரு கேள்வி. நான் பார்த்த சரிவுக்கு மேல் பாதி முழுக்க சீகை (வாட்டில்) மரம். கீழ்ப் பாதிலதான் புல். அதுலயும் அங்கங்க இடுப்பளவு சீகைக் கன்னு. இன்னும் சில வருஷத்துல இந்த எடமும் மூடிடுமா?

போஜன்_கிண்ணக்கொரை

மூடிடும் தம்பி. சந்தேகமே வேண்டாம்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊருக்கு மேல இருந்த மட்டம் பூரா புல்லு. எருமை மேயும். இப்ப அதுல நடக்க வழி இல்ல, சீகை அடர்ந்து கெடக்கு. அவலாஞ்சி பக்கம் சீகை மட்டுமில்ல, மஞ்சப் பூ பூக்கற ஸ்காட்ச் புரூமும் ஏறிட்டு வருது. டூரிஸ்ட்டுங்க அது முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. அது பரவற வேகத்தைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

பாலா_கோவை

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் பறவை ஆள் இல்லை, மரம் நடுற குழுவுல இருக்கேன். நேராவே கேக்கறேன். சீகையோ எதுவோ, மரம் மரம்தானே? மழைக்கும் காத்துக்கும் மரம் வேணும்னுதான் நாங்க வருஷா வருஷம் நடறோம். ஒரு பழுப்புக் குருவிக்காக மலைல இருக்கற மரத்தை வெட்டணும்னு சொன்னா, கீழ இருக்கற ஜனங்க எப்படி ஏத்துக்குவாங்க? அந்தப் புல்வெளியே வெள்ளைக்காரன் காட்டை அழிச்சதுல வந்ததுதான்னு நான் கேள்விப்பட்டிருக்கேன்.

மலர்விழி_குன்னூர்

பாலா சார், நீங்க கேட்டது நல்லதுதான். நம்ம மலைல பாதிப் பேர் மனசுல இதே கேள்வி இருக்கு.

புல்வெளி வெள்ளைக்காரன் உண்டாக்கினது இல்ல. ஊட்டிக்குப் பக்கத்துல சாண்டிநல்லாவுல சதுப்பு நிலத்தைத் தோண்டி, அதுல படிஞ்சிருக்கற கரிமத்தை (கார்பன்) ஆராய்ஞ்சிருக்காங்க. புல்லோட கரிமமும் மரத்தோட கரிமமும் வேற வேற அடையாளம் வெச்சிருக்கும். 20,000 வருஷத்துக்கு முந்தின அடுக்குலயே புல்லோட அடையாளம் கிடைச்சிருக்கு. மனுஷன் இங்க கோடாலியோட வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. ஈரம் கூடின காலத்துல சோலை (மலைப் பள்ளத்துல அடர்ந்து நிக்கற மரக்காடு) விரியும், காய்ஞ்ச காலத்துல புல் விரியும். பள்ளத்துல சோலை, மேட்டுல புல், இது ரெண்டும் சேர்ந்ததுதான் இந்த மலையோட காடு.

மேட்டுல சோலை மரம் ஏன் ஏறலைன்னு கேப்பீங்க. உறைபனி. டிசம்பர், ஜனவரில புல்வெளி விடிகாலைல வெள்ளையாக் கெடக்கும், நீங்க ஊட்டிக்கு வந்தப்ப பார்த்திருப்பீங்க. சோலைக் கன்னு அந்தக் குளிர்ல கருகிடும். ஆனா ஆஸ்திரேலியாவுலிருந்து வந்த சீகைக் கன்னு தாங்கிடுது. பனி போட்ட வேலியை அது மட்டும் தாண்டி வந்துடுது.

சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 1840-கள் வாக்குல விறகுக்காகக் கொண்டு வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறமும் தோல் பதனிடற பட்டைக்கும், மரக்கூழுக்கும்னு மலை மலையா நட்டாங்க. ‘தரிசு நிலம்’னு கணக்குல எழுதி வெச்சதாலதான் அதுல நடத் தோணுச்சு. பவானி, பைக்காரா இதெல்லாம் ஊறி வர்றதே இந்தப் புல்லும் சோலையும் சதுப்பும் சேர்ந்த எடத்துல. நீங்க கோவைல குடிக்கற தண்ணிலயும் அதுக்குப் பங்கு இருக்கு.

நீங்க நடறதை நிறுத்தச் சொல்லல சார். எங்க நடறோம்ங்கறதைப் பார்க்கச் சொல்றேன். கீழ மரம் அழிஞ்ச எடத்துல நடுங்க, தாராளமா. மலைமேல புல் மேட்டுல மட்டும் வேண்டாம்.

அருள்_கொடைக்கானல்

பழனி மலைப் பக்கத்துலிருந்து ஒரு வார்த்தை. நீலகிரில இன்னும் பேச ஒரு புல்வெளி மிச்சம் இருக்கு. எங்களைப் பாருங்க. செயற்கைக்கோள் படங்களை வெச்சு 1973-லிருந்து 2014 வரைக்கும் பழனி மலையோட நில மாற்றத்தைக் கணக்குப் போட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. அந்த நாற்பது வருஷத்துல புல்வெளில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. மரத் தோட்டமும் விவசாயமும் தின்னுடுச்சு. பெரிஜம் போற வழியில ரெண்டு பக்கமும் பைனும் சீகையும்தான். வெளியூர்க்காரங்க ‘என்ன பசுமை’ங்கறாங்க. எங்க அப்பா காலத்துல அங்க நின்னா அடுத்த முகடு தெரியுமாம்.

நல்ல புல்லுன்னு பார்க்கணும்னா மன்னவனூர் பக்கம் போகணும். அங்கயும் நான் போற நேரமெல்லாம் கண்ணுல படறது வயல் நெட்டைக்காலிதான். பழனி மலைல யாராவது நீலகிரி நெட்டைக்காலி பார்த்து, இந்த மாதிரி மூணு கோணத்துல தெளிவான படம் எடுத்திருந்தா தயவுசெஞ்சு இங்க போடுங்க. ஆனைமலை புல்மலைலயும் இரவிகுளத்துலயும் இருக்கு. பக்கத்துல இருக்கற நாங்க மட்டும் இப்படி நிக்கறோம்.

பாலா_கோவை

சாண்டிநல்லா விஷயம் எனக்குப் புதுசு. நன்றி மேடம். எங்க குழுவுல பேசறேன். அப்படின்னா இருக்கற சீகையை எல்லாம் ஒரேயடியா வெட்டிட்டா புல் தானா வந்துடுமா?

அருள்_கொடைக்கானல்

வராது சார். இதுலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க.

சீகை விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கெடக்கும். மேல மரம் இருக்கற வரைக்கும் தூங்கும். மரத்தை வெட்டி, மண்ணைக் கிளறி, வெயில் பட்டாப் போதும், அடுத்த மழைக்கு மொளைச்சு நிக்கும். நெருப்பு வெச்சா இன்னும் மோசம், சூட்டுல விதையோட ஓடு உடைஞ்சு மொத்தமாக் கிளம்பும். எங்க பக்கம் வெட்டின ஒரு எடத்துல போய் உட்கார்ந்து பார்த்தேன். என் உள்ளங்கையை விரிச்சு வெச்ச அகலத்துக்குள்ள அத்தனை கன்னு, கடுகு தூவின மாதிரி. ஒவ்வொண்ணும் ரெண்டு இலை விட்டு நிக்குது. நடுவுல ஒரே ஒரு புல் குத்து, அதுவும் மஞ்சளாகி. வெட்டறது ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம் வருஷக்கணக்குல கன்னு பிடுங்கணும், புல்லை நாத்து மாதிரி வளர்த்து நடணும். அதுக்குக் கூலியும் ஆளும் யாரு குடுக்கறாங்கங்கறதுதான் கேள்வி.

இன்னொண்ணு. பழைய சீகைத் தோப்புக்குள்ள, பக்கத்துல சோலை இருந்தா, நிழல்ல சோலைக் கன்னுங்க நல்லா வந்திருக்கும். அதை வெட்டினா சோலையும் போச்சு, புல்லும் போச்சு. அந்த மாதிரி எடத்தை விட்டுடணும்ங்கறது என் கட்சி.

மஞ்சூர்_ஆசிரியர்

அருள் சொல்வதில் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது பாதியில் எனக்குத் தயக்கம் உண்டு. சோலைக் கன்று வளர்கிறது என்ற காரணத்தைச் சொல்லி எல்லாத் தோப்பையும் விட்டுவிட்டால், அந்தத் தோப்பிலிருந்து விதை ஆண்டுதோறும் பக்கத்துப் புல்வெளிக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பள்ளத்தில் இருக்கும் பழைய தோப்பு வேறு, முகட்டில் புல்லை ஒட்டி நிற்கும் தோப்பு வேறு. முகட்டில் இருப்பதை விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

அருள்_கொடைக்கானல்

முகட்டைப் பத்தி நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா எங்க மலைல முகடு எது பள்ளம் எதுன்னு கோடு போட்டுப் பிரிக்க முடியாதபடி கலந்து கெடக்கு. நேர்ல வந்து பார்த்தீங்கன்னா என் பயம் புரியும். இதுல நாம ஒத்துப்போகாம இருந்தாலும் பரவாயில்ல.

போஜன்_கிண்ணக்கொரை

ரெண்டு பேரும் பேசறீங்க, எங்க அடுப்பைப் பத்தி யாரும் பேசல. மலை கிராமத்துல இன்னும் வெந்நிக்கும் குளிர் காயவும் சீகை விறகுதான். சோலைல கை வைக்காம இருக்கோம்னா அது சீகை இருக்கறதாலதான். அதனால என்னைக் கேட்டா இப்படிச் செய்யலாம். பெரிய மரத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி, இன்னும் புல்லா இருக்கற எடத்துல ஏறி வர்ற சின்னக் கன்னைப் பிடுங்குங்க. கவின் தம்பி பார்த்த சரிவு மாதிரி எடம். இடுப்பளவு கன்னு இன்னிக்குக் கையால வரும், ஈர மண்ணா இருந்தா வேரோட வரும். மூணு வருஷம் விட்டா அரிவாள் வேணும், அப்புறம் ரம்பம் வேணும். எங்க பசங்களுக்குக் கூலி குடுத்தா பிடுங்கிட்டுப் போறாங்க. விறகும் அவங்களுக்கே.

மலர்விழி_குன்னூர்

போஜன் அண்ணா, நீங்க சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம்னு நினைக்கறேன். ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன். அந்த வேலையை ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும் வேண்டாம். நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டறது தரைல, புல் குத்தோட அடியில. ரெண்டு மூணு முட்டைதான். மேல இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது, தெரியாம மிதிச்சுடுவோம். மழை ஓய்ஞ்சப்புறம் போனா மண்ணும் இளகியிருக்கும், குஞ்சும் பறந்திருக்கும்.

கூந்தன்குளத்துல பட்டைத்தலை வாத்து வந்தா ஊரே காவல் காக்குது, தீபாவளிக்கு வெடி போடறதில்லைன்னு பெருமையாச் சொல்றோம். அது நியாயமான பெருமை. இமயமலை தாண்டி வர்ற பெரிய பறவை, கூட்டமா வருது, கண்ணுக்கு நிறைவா இருக்கு. நாளைக்கு ஊட்டி ஏரில ஒரு அன்னம் இறங்கினா டிவிக்காரங்க எல்லாம் வந்துடுவாங்க. நம்ம நெட்டைக்காலி எங்கயும் போகாம, வருஷம் பூரா இங்கயே, இந்தப் புல்லை நம்பியே இருக்கு. அதை அடையாளம் கண்டு சொல்லவே நம்ம நாட்டுல கொஞ்சம் பேர்தான். அதனாலதான் விலாக்கோடு, மீசைக்கோடுன்னு நான் இவ்வளவு வளர்த்துப் பேசறேன். பேர் தெரியாத குருவிக்காக எந்த அதிகாரிகிட்டயும் மனு குடுக்க முடியாது.

வரையாடு விஷயத்துல அரசாங்கம் தனித் திட்டமே 2022-ல அறிவிச்சுது. ரெண்டுக்கும் வேண்டியது அதே புல்தான். முக்கூர்த்தி தேசியப் பூங்கால வரையாட்டுக்காகப் புல்லைக் காப்பாத்தினா நெட்டைக்காலியும் பிழைக்கும். ஆனா முக்கூர்த்தி மொத்தமே 78 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதுக்கு வெளில, ரோட்டோரத்துல, கவின் பார்த்த மாதிரித் துண்டு துண்டாக் கெடக்கற புல்லைத்தான் யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. பொதுவாக இரண்டு வேண்டுகோள்: கூடு கட்டும் காலத்தில் குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். கூடு தெரிந்தால் அந்தப் படத்தையோ சரியான இடத்தையோ இங்கே போட வேண்டாம்.

கவின்_கோத்தகிரி

சரிங்க. கூடு எதுவும் நான் பார்க்கல, குரலும் போடல.

இபேர்டுல ஏத்தப் போறேன். நாள் பூரா சுத்தினதை ‘ஊட்டி’ன்னு ஒரே பட்டியலாப் போடலாமா, அந்தச் சரிவுக்குத் தனியாப் போடணுமா?

மலர்விழி_குன்னூர்

தனியா. ‘ஊட்டி’ன்னு போட்டா வரைபடத்துல புள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல விழும், அதை வெச்சு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. இந்தப் பறவையோட பரவலை வெச்சு 2020-ல வந்த ஆய்வே உயரத்தையும் நில மாற்றத்தையும்தான் முக்கியமா எடுத்துச்சு. ரெண்டும் சரியா வரணும்னா புள்ளி அந்தச் சரிவு மேலயே விழணும். வண்டியை நிறுத்தின எடத்துல புதுப் பட்டியல் ஆரம்பிங்க, நின்ன நேரத்தையும் நடந்த தூரத்தையும் போடுங்க, மூணு படத்தையும் ஏத்துங்க. குறிப்புல விலாக்கோடு, மீசைக்கோடு இல்லாதது, புதர்ல போய் உட்கார்ந்தது எல்லாத்தையும் எழுதுங்க. சீகைக் கன்னு எவ்வளவு உயரம், சரிவுல எத்தனை பங்கு மூடியிருக்குன்னும் ஒரு வரி. அடுத்த வருஷம் அதே மாசம் அதே எடத்துல நின்னு அதே வரியை எழுதுங்க.

குருவி இல்லாமப் போனாலும் பட்டியல் போடுங்க. இல்லைங்கறதும் பதிவுதான்.

பாலா_கோவை

கன்னு பிடுங்கற வேலைக்கு எங்க குழுவுல ஆள் இருக்காங்க. மரம் நடறவங்க மரம் பிடுங்கப் போறோம்னு சொன்னா முதல்ல சண்டைக்கு வருவாங்க, நான் பேசிக்கறேன். மழை முடிஞ்சப்புறம் வரலாமா? கூலி வேலையை உள்ளூர்ப் பசங்க கிட்டயே குடுத்துடுங்க, நாங்க கூட நின்னு கத்துக்கறோம், செலவுல ஒரு பங்கு எடுத்துக்கறோம்.

போஜன்_கிண்ணக்கொரை

வாங்க சார். ஆனா அது வனத்துறை எடமா, வருவாய்த்துறை எடமான்னு முதல்ல பார்க்கணும். வனத்துறை எடமா இருந்தா அனுமதி இல்லாம ஒரு கன்னைத் தொட்டாலும் தப்பு. கவின் தம்பி, சரிவு எந்த வளைவுல இருக்குன்னு எனக்குத் தனிச் செய்தில அனுப்புங்க. திங்கக்கிழமை குந்தா தாலுகா ஆபீஸ்ல எனக்கு வேற வேலை இருக்கு, சர்வே நம்பரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன். மனுவை ஆசிரியர் எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்.

மஞ்சூர்_ஆசிரியர்

எழுதித் தருகிறேன். மனுவுடன் கவினின் பக்கவாட்டுப் படத்தையும், சீகைக் கன்று தெரியும்படி சரிவின் முழுப் படம் ஒன்றையும் இணைக்க வேண்டும். சரிவின் படம் இருக்கிறதா தம்பி?

கவின்_கோத்தகிரி

இல்ல சார். சனிக்கிழமை போய் எடுத்துட்டு வந்துடறேன். ரோட்டுல நின்னே எடுக்கறேன், புல்லுக்குள்ள இறங்க மாட்டேன்.